ஈ கட்டிய மழைக்காலம்

ஐம்பதைத் தாண்டினால் எல்லாம் ஆறிவிடும் என்று நம் பள்ளிக்கூட வாட்ஸப் குழுவில் யாரோ எழுதியிருந்தீர்கள். அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். எனக்கு முட்டிவலியும் ஆறவில்லை, கோபமும் ஆறவில்லை. இரண்டும் மழைக்காலத்தில் கூடுகின்றன.

போன வாரம் உங்களில் ஒருத்தி என்னைக் கேட்டாள். "உனக்கு மட்டும் எப்படிடி இத்தனை ஹாபி? காலங்காத்தால பைனாகுலரை மாட்டிக்கிட்டு ஏரிக்குப் போற. பூச்சியப் போட்டோ எடுக்குற. கொக்கு வரையுற. எங்களுக்கெல்லாம் சீரியல் பாக்கவே நேரம் போதல."

சிரித்து வைத்தேன். பொழுதுபோக்கு என்று அதற்கு ஒரு சொல் வேறு. போக்கித் தொலைக்க என்னிடம் பொழுது மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது போல! அவை எல்லாம் ஓரிடத்திலிருந்துதான் வந்தன. ஒரு சின்னத் தூண்டில் முள். அதில் சிவப்பு நூலால் கட்டிய ஓர் ஈ. சொல்கிறேன், கேளுங்கள். ஆனால் மண்வாசனை, மழைச்சாரல் என்று உருகுவதற்குத் தயாராகிவிடாதீர்கள்.

சேலையூர் ஏரிக்குப் பின்பக்கம் பெரியப்பாவின் வீடு. கீழே பெரியப்பா, பெரியம்மா, அவர்கள் மகள் பெரியக்கா. மாடியில் அப்பா, அம்மா, நான். அண்ணன் வீட்டு மாடியில் வாடகையில்லாமல் குடியிருக்கும் தம்பியின் மகள் என்பது நான் நடக்கும் நடையிலேயே தெரியும். படியில் சத்தம் வரக்கூடாது. கிணற்றுக்கு அந்தப் பக்கம் பின் போர்ஷன். அதில் ஒரு தையல்காரர் குடும்பம் வாடகைக்கு இருந்தது. தாம்பரம் பஸ் ஸ்டாண்டுக்கு அருகே அவருக்கு ஒரு சின்னக் கடை. மனைவி வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பார். கூடவே நாலைந்து கோழிகளும் ஒரு திமிர் பிடித்த சேவலும் வளர்த்தார். அவர்கள் மகளும் நானும் ஆறாம் வகுப்பில் ஒரே பெஞ்சு. அவள்தான் என் தோழி.

தோழியின் அத்தா, அந்தத் தையல்காரர், பழைய பேப்பர் கடையில் வெளிநாட்டுப் பத்திரிகைகளை எடைக்கு வாங்கி வருவார், கோட்டு சூட்டு மாடல் பார்ப்பதற்காக. அதில் ஒன்றில் ஒரு வெள்ளைக்காரர் கோட்டும் தொப்பியுமாக இடுப்பளவு ஆற்றில் நின்று மீன் பிடித்துக்கொண்டிருந்தார். கோட்டை அத்தா பார்த்தார். அடுத்த பக்கத்தைத் தோழி பார்த்தாள். அங்கே முள், நூல், இறகு என்று படம் படமாக, ஏதோ செய்முறை. தலைப்பில் இருந்த இரண்டு ஆங்கிலச் சொற்களையும் அகராதியில் தேடினோம். ஒன்றுக்கு ஈ என்று போட்டிருந்தது. மற்றதற்குக் கட்டு.

"ஈயைக் கட்டணுமாம்டி" என்றாள் தோழி.

கட்டினோம். பலாச்சுளை விற்கும் வண்டிக்குப் பக்கத்தில் நின்று, கைக்குட்டையைப் போட்டுப் போட்டு உண்மையான ஈக்களைப் பிடித்து, தையல் நூலால் முள்ளோடு சேர்த்துக் கட்டினோம். ஒரு சுற்றுக்கு ஈ கூழாகிவிடும். இறக்கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்.

"செத்துப்போச்சு. இன்னும் கொஞ்சம் லூசா கட்டணும் போல" என்றாள், பிளவுஸ் தைக்கிறவள் மாதிரி ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு.

அந்தப் பக்கத்தை மறுபடி உற்றுப் பார்த்தபோதுதான் அவளுக்குப் பொறிதட்டியது. "ஏய் லூசு, இதுல ஈயே இல்லடி! இறகைச் சுத்தித்தான் ஈ மாதிரி பண்றாங்க. மீனை ஏமாத்துறாங்கடி!" கிணற்றடியில் உட்கார்ந்து இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அந்தச் சிரிப்பை இன்றைக்கு நினைத்தாலும் முதலில் வாயோரம் நெகிழ்கிறது. உடனே பல்லைக் கடித்துக்கொள்கிறேன்.

பொருள்கள் சேர்ந்தன. சிவப்பு நூல் அத்தாவின் கடையில் மிஞ்சியது. இறகு, சேவலின் கழுத்திலிருந்து. அதற்காக அது எங்களைத் துரத்தாத நாளில்லை. உடம்பு சுற்ற மெல்லிய ரோமம் வேண்டும் என்று படம் சொன்னது. எங்களிடம் ஆடுமில்லை, முயலுமில்லை. என் சடை நுனியைக் கத்தரித்துக்கொண்டோம். கடைசியில் நூலின் முடிச்சு அவிழாமலிருக்க ஒரு சொட்டு மினுக்கு வைக்க வேண்டும். பெரியக்காவின் நகப்பூச்சு அதற்கு வாகாக இருந்தது. ரத்தச் சிவப்பு. பாட்டிலோடு எடுத்துக்கொண்டு வந்தேன். எல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில், மாடிப்படிக்குக் கீழே, உடைந்த மேஜைக்குப் பின்னால்.

ஒளித்துத்தான் வைக்க வேண்டும். பெண்பிள்ளைகள் ஏரிக்குப் போகக் கூடாது என்பது கீழ்வீட்டுச் சட்டம்.

இதில் ஒருவர் மட்டும் எங்களைக் கண்டுபிடித்தார். அப்பா. ரயில்வே ஆபீஸ் விட்டு வந்து சைக்கிளை நிறுத்தும்போது, படிக்குக் கீழே எங்கள் கால்களைப் பார்த்துவிட்டுக் குனிந்தார். நான் டப்பாவை முதுகுக்குப் பின்னால் தள்ளினேன். தோழி மறைக்கவில்லை, கட்டி முடித்த ஈயை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். அப்பா அதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அடேங்கப்பா. கடையில உக்காந்து ஈ ஓட்டுறவனைப் பாத்திருக்கேன். ஈ கட்டுறவங்கள இப்பதான் பாக்குறேன்."

"அங்கிள், மீன் கடிச்சா உங்களுக்கு ஒண்ணு" என்றாள் தோழி.

"முள்ளு இல்லாம குடு" என்றார். சிரித்துக்கொண்டே மாடியேறினார். அவர் சிரித்தார் என்பதை நினைவில் வையுங்கள். நான் வைத்திருக்கிறேன்.

ஏரிக்கரையில் ஏற்கெனவே பையன்கள் இருந்தார்கள், மண்புழுவும் தக்கையுமாக. எங்கள் மூங்கில் கழியையும் அதன் நுனியில் ஆடிய சிவப்பு ஈயையும் பார்த்ததும் ஒருவன் எழுந்து வந்தான்.

"இன்னாடி இது? மீனுக்குக் கம்மல் போட்டு வுடப் போறீங்களா?"

"ஆமாண்டா. உனக்கும் ஒண்ணு கீது, காதக் காட்டு" என்றாள் தோழி, அவன் பாஷையிலேயே. கரையே சிரித்தது.

ஒரு மீனும் கடிக்கவில்லை. அந்த வாரமும் அடுத்த வாரமும் கடிக்கவில்லை. பையன்கள் ஜிலேபிக் கெண்டைகளைக் கோர்த்துத் தூக்கிக்கொண்டு எங்களைத் தாண்டிப் போவார்கள். "கம்மல் புடிக்கலியாம், மூக்குத்தி கேக்குதாம்" என்பார்கள். கடிக்காத மீனால்தான் எல்லாம் வந்தது என்று இப்போது தோன்றுகிறது. கடித்திருந்தால் மீனைத் தின்றுவிட்டுப் போயிருப்போம். கடிக்காததால் மீன் எதைத் தின்கிறது என்று பார்க்கத் தொடங்கினோம்.

அதற்குத் தண்ணீரோரம் குப்புறப் படுத்துக்கொள்ள வேண்டும். படுத்தால், தண்ணீரின் தோலை மிதியாமல் மிதித்துப் போகும் நீள்கால் பூச்சி தெரியும். நாணல் தண்டில் தன் பழைய சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, ஈரச் சிறகு காய உட்கார்ந்திருக்கும் தட்டான் தெரியும். அப்பாவின் பழைய மூக்குக் கண்ணாடியில் கழன்று விழுந்த வில்லையை எடுத்து வந்தேன். தட்டானின் கண் அதற்குள் ஒரு ஊராக விரிந்தது. பூச்சியைப் பார்த்தால் பூச்சியைக் கொத்துகிற பறவையைப் பார்க்காமல் முடியுமா? முக்குளிப்பான் எங்கே மூழ்கி எங்கே எழும் என்று இருவரும் விரலை நீட்டிப் பந்தயம் கட்டினோம். பறவை பறந்துவிடும். பறந்ததைப் பிடித்து வைக்க வேறு வழியில்லாமல் தோழி வரையத் தொடங்கினாள்: அத்தா துணி வெட்டும் முன் கோடு போடுகிற சாக்குக்கட்டியால், பழுப்புத் தாளில். அவள் போட்ட கொக்கு ஒற்றைக்கோடு. கழுத்திலிருந்து கால்வரை கை எடுக்காமல் ஒரே இழுப்பு. தலைக்குமேல் விமானப்படையின் பயிற்சி விமானம் உறுமிக்கொண்டு போகும். கொக்கு அண்ணாந்து பார்க்காது, அவளும் பார்க்கமாட்டாள்.

பிறகு ஒரு நாள் நல்ல மழை பெய்து விட்டது. சாயங்காலம் மண்ணெல்லாம் வாய் திறந்து ஈசல் கிளம்பியது. ஏரிமேல் அவை கொத்துக்கொத்தாக விழ, தண்ணீர் கொதிப்பது மாதிரி மீன்கள் எழும்பின. தோழி என் தோளை நகம் பதியப் பிடித்தாள். "ஈ இல்லடி. ஈசல். இதுங்களுக்கு ஈசல் கட்டணும்!"

கரையில் கிடந்த கொக்கின் வெள்ளை இறகைப் பிளந்து நீளச் சிறகு வைத்தோம். உடம்புக்கு என் முடி. தலைக்கு ஒரு சொட்டுச் சிவப்பு. மறுநாள் மழைவிட்ட நேரத்தில் வீசினோம். ஒரு சுழிப்பு. தூண்டில் நரம்பு விறைத்தது. கழி வளைந்தது. என் கையிலிருந்து பாதம் வரை ஏதோ ஓடியது. உள்ளங்கை அகல ஜிலேபி ஒன்று துள்ளிக்கொண்டு வந்து புல்லில் விழுந்தது. கம்மல் என்று சொன்ன பையன் ஓடி வந்து குனிந்து பார்த்தான். "அய்ய, மெய்யாலுமே கடிச்சுக்கினு கீதுடா!"

தோழியின் அம்மா அதை மிளகாய் தடவிப் பொரித்துக் கொடுத்தார். "முள்ளு பாத்துத் தின்னுங்க" என்றார். "அந்தச் சேவலுக்கும் ஒரு துண்டு வைங்கடி. பாதி இறகு அதோடது."

அந்த ஐப்பசியும் கார்த்திகையும்தான் எனக்குக் கிடைத்த படிப்பு. மற்றதெல்லாம் மார்க்கு.

அதே மாதங்களில் கீழ்வீட்டில் வேறொன்று நடந்தது. பெரியக்காவுக்கு நிச்சயம் வரை வந்த சம்பந்தம், மாப்பிள்ளை வீட்டார் வேண்டாமென்று சொல்லி நின்றுபோனது. காரணம் சொல்லவில்லை. பெரியம்மா படுத்தார், அழுதார், உபவாசம் இருந்தார். காரணமில்லாமல் ஒன்று நடக்கும் என்பதை அவரால் ஏற்க முடியவில்லை. "யாரோ கட்டுப் போட்டிருக்காங்க" என்று ஜெபக் கூட்டத்துக்கு வரும் ஓர் அம்மாள் சொல்லிவிட்டுப் போனார். கல்யாணம் ஆகாதபடி மந்திரத்தால் கட்டி வைப்பது. பெரியம்மா அதைப் பற்றிக்கொண்டார்.

உண்மையான காரணத்தைப் பெரியக்காவே வெகுகாலம் கழித்து எனக்குச் சொன்னாள். அந்தப் பையனிடம் தனியாகப் பேசி, "எனக்கு இஷ்டமில்ல, நீங்களே வேணாம்னு சொல்லிடுங்க" என்று கேட்டுக்கொண்டவள் அவள்தான். அவள் இதைச் சொல்லும்போது காபி ஆற்றிக்கொண்டிருந்தாள். என் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தபோது படிக்குக் கீழிருந்த உடைந்த மேஜையை இழுத்தார்கள். டப்பா உருண்டது. மூடி திறந்தது.

நீங்களே பெரியம்மாவின் கண்ணால் பாருங்கள். சேவல் இறகு. சிவப்பு நூலால் சுற்றிச் சுற்றி முடிச்சிட்ட முடி, பெண்பிள்ளை முடி. வளைந்த முட்கள். ஒவ்வொன்றின் தலையிலும் ரத்தப்பொட்டு. நடுவில், காணாமல் போயிருந்த கல்யாணப் பெண்ணின் நகப்பூச்சு. அவர் போட்ட கத்தலில் வெள்ளையடிக்கிறவர் மட்டையைப் போட்டுவிட்டுக் கேட்டைத் தாண்டி ஓடினார்.

நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது முற்றத்தில் கூட்டம். பெரியப்பா நாற்காலியில். அப்பா தூணோரம். கிணற்றுப் பக்கம் தோழியின் அம்மா முக்காட்டை இழுத்துப் பிடித்தபடி, அவரை ஒட்டி, எனக்குச் சற்று முன் வந்துவிட்ட தோழி பைக்கட்டோடு. அத்தாவைக் கடைக்கு ஆள் அனுப்பிக் கூட்டி வந்திருந்தார்கள்; கழுத்தில் இஞ்சு டேப் தொங்கியது.

"சேவல் யாரு வளக்குறா? நூல் யாரு வீட்டுல இருக்கு?" பெரியம்மா கேட்டுக்கொண்டிருந்தார். "எம் பொண்ணு வாழ்க்கையக் கட்டிப் போட உங்களுக்கு நாங்க என்ன பாவம் பண்ணோம்?"

"அக்கா, இந்த மாதிரி வேலை எங்க மார்க்கத்துல பெரிய பாவம். அதுலருந்து காப்பாத்துன்னு நாங்க தினம் துஆ கேக்குறோம். நாங்களா வைப்போம்?" தோழியின் அம்மா குரல் உயரவில்லை. "புள்ளைங்க ஏதோ வெளாட்டுச் சாமான்..."

நான் கூட்டத்துக்குள் புகுந்தேன். கத்தினேன். "அது எங்களுது! நாங்கதான் கட்டினோம் பெரியம்மா! நானும் அவளும் கட்டினோம்!"

கட்டினோம். வேறு எந்தச் சொல்லைச் சொல்லியிருக்க முடியும்? ஈயைக் கட்டத்தானே செய்தோம்? அந்த ஒரு சொல்லைப் பெரியம்மா காற்றிலிருந்து பறித்துக்கொண்டார்.

"கேட்டீங்களா? கட்டினோம்னு புள்ளை வாயாலயே வருது! இதுக்கும் மந்திரிச்சுக் குடுத்திருக்காங்க. முடிய வெட்டியிருக்காங்க பாருங்க!" என் சடையைத் தூக்கி நுனியை எல்லாருக்கும் காட்டினார். "அதான் அவங்களுக்குப் பரிஞ்சுக்கிட்டு வருது."

இல்லையென்று நான் சொல்லச் சொல்ல அது இன்னும் ஆமாமாயிற்று. மீன் என்றேன். ஈசல் என்றேன். "ஏரிக்கு வேற கூட்டிட்டுப் போயிருக்காங்க" என்றார் பெரியப்பா. பெரியம்மாவின் கையைத் தட்டிவிட்டேன். அம்மா என்னை அறைந்தாள். ஸ்கூல் டீச்சர், சயின்ஸ் எடுப்பவள், அறைந்துவிட்டு என் தலையில் கைவைத்து முணுமுணுவென்று ஜெபித்தாள்.

தோழி அழவில்லை. முகத்தை நிமிர்த்தி நேராக அப்பாவைப் பார்த்தாள்.

"அங்கிள், நீங்க பாத்தீங்கல்ல? கையில வெச்சுப் பாத்தீங்க. ஈ கட்டுறவங்கன்னு சொன்னீங்க. சொல்லுங்க அங்கிள்."

எல்லாரும் அப்பா பக்கம் திரும்பினார்கள். அவர் தன் அண்ணனைப் பார்த்தார். மாடியைப் பார்த்தார். பிறகு கட்டைவிரல் நகத்தை, அதில் ஏதோ எழுதியிருப்பதுபோல, பார்த்துக்கொண்டே இருந்தார்.

"புள்ளைங்க ஏதோ வெச்சிருந்துச்சு. எனக்கு ஞாபகமில்ல" என்றார்.

நல்லவர் என்று அவருடைய அடக்க ஆராதனையில் அத்தனை பேரும் சொன்னார்கள். யாரிடமும் அதிர்ந்து பேசியதில்லை என்றார்கள். ஆமாம், அதிர்ந்து பேசியதில்லை. பேச வேண்டிய அன்றைக்குக்கூடப் பேசவில்லை. வாடகையில்லாத மாடிக்கு அவர் கொடுத்த வாடகை அது. கொடுத்தது அவர், வீட்டைக் காலி செய்தது வேறு குடும்பம்.

"மாசக் கடைசிக்குள்ள பாத்துக்கோங்க" என்றார் பெரியப்பா. தையல்காரர் கழுத்திலிருந்த இஞ்சு டேப்பை எடுத்துச் சுருட்டினார். "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு, பெரியப்பா தைக்கக் கொடுத்திருந்த கிறிஸ்துமஸ் பேன்ட் துணியை வெட்டாமல் மடித்தபடியே உள்ளேயிருந்து எடுத்து வந்து நாற்காலிக் கையில் வைத்தார். அதைப் பார்த்த பிறகுதான் பெரியப்பா அந்த நாற்காலியிலிருந்து எழுந்தார்.

டப்பாவைக் கிணற்றடியில் வைத்து மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். சுற்றி நின்று பாடினார்கள். நாங்கள் கட்டிய ஈசல்கள் முதலில் எரிந்தன. முடி கருகும் நாற்றம், என் முடி, என் மூக்கிலேயே ஏறியது. தோழி கொக்கு வரைந்த பழுப்புத் தாளும் அதற்குள் இருந்தது. அதில் மந்திரம் எழுதியிருக்கிறதா என்று பெரியம்மா இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் போட்டார். ஒற்றைக்கோட்டுக் கொக்கு. அதைப் பார்த்தும் அந்த மனுஷிக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அவர்கள் போன நாளில் என்னை மாடியில் வைத்துப் பூட்டியிருந்தார்கள். ஜன்னலருகே நின்றேன். கீழே வண்டியில் தையல் மிஷின், பாய், பாத்திரமூட்டை. சேவல் அவள் அம்மாவின் கக்கத்தில். தோழி வண்டியில் ஏறும் முன் என் ஜன்னலுக்கு நேர்க்கீழே வந்து நின்றாள்.

"கேளம்பாக்கம் போறோம்டி. அங்க தண்ணியெல்லாம் உப்பாம்."

"ம்."

"உப்புத்தண்ணி மீன் ஈ திங்குமான்னு தெரியல. பாத்துட்டுச் சொல்றேன்."

சொல்லவில்லை. சொல்லுவதற்கு வழியை எங்கள் வீடு வைக்கவில்லை. கேளம்பாக்கத்தில் எத்தனை தையல் கடை ஏறி இறங்கியிருக்கிறேன் என்பதை விடுங்கள். கடைகள் இருந்த இடத்தில் கம்பெனிக் கட்டடங்கள். கேட்டால் காவலாளி என் பையைச் சோதிக்கிறார்.

ஆக, என் ஹாபி எங்கிருந்து வந்ததென்று கேட்டவளே, பாதி என்னுடையதில்லை. நான் பார்க்கும் தட்டான் அவள் காட்டியது. நான் வரையும் கொக்கு ஒருநாளும் ஒற்றைக்கோட்டில் வந்ததில்லை. நடுவில் கை எழுந்துவிடுகிறது.

இதோடு முடிந்திருந்தால் பழைய பிணியென்று நானும் சுமந்துகொண்டு போயிருப்பேன். முடியவில்லை. பெரியம்மா அதைச் சாட்சியாக்கிவிட்டார். வருஷக் கடைசி ஜெபக் கூட்டத்தில், கர்த்தர் செய்த நன்மைகளை ஒவ்வொருவராக எழுந்து சொல்லும்போது, அவர் இதைச் சொல்வார். "எங்க வீட்டுல ஒரு குடும்பம் சூனியம் வெச்சாங்க. கர்த்தர் வெளிப்படுத்தினார். அக்கினியால சுட்டெரிச்சோம். அடுத்த தையிலயே பொண்ணுக்குக் கல்யாணம்." வருஷத்துக்கு வருஷம் டப்பா பெரிதாகி, இப்போது அதில் எலும்பும் சேர்ந்திருக்கிறது. பேரப்பிள்ளைகள் வாய்பிளந்து கேட்கிறார்கள்.

இந்த முறை கூட்டம் தாம்பரம் சானடோரியத்தில் பெரியக்காவின் பிளாட்டில், பகல் சாப்பாட்டுக்கு முன்னால். பெரியம்மா சக்கர நாற்காலியில் அமர்ந்து சொல்லி முடித்தார். "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்றது அறை. பிரியாணி வாசனை அடுப்பிலிருந்து வந்துகொண்டிருந்தது. நான் எழுந்தேன்.

"எனக்கும் ஒரு சாட்சி இருக்கு."

எல்லாருக்கும் சந்தோஷம். நான் எழுந்து பேசுகிறவளே அல்ல.

"அந்த டப்பாவுல இருந்தது என் முடி. நானே வெட்டினது. அது மீன் பிடிக்கிற தூண்டில். எலும்பு கிடையாது, மந்திரம் கிடையாது. அந்தக் குடும்பம் எந்தத் தப்பும் பண்ணல. நாமதான் அபாண்டமா பழி போட்டு வெளிய அனுப்பினோம்."

"ஆமென்" என்றார் பின்வரிசையில் ஒருவர், பழக்க தோஷத்தில். பக்கத்திலிருந்தவர் அவர் தொடையைத் தட்டினார்.

பெரியக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரோ அவசரமாக ஒரு பாட்டின் முதலடியை எடுத்தார்கள். நான் உட்காராததால் அது இரண்டாம் அடிக்குப் போகவில்லை. பெரியம்மா என்னைப் பார்த்துப் பாசமாகச் சிரித்தார்.

"நீ சின்னப் புள்ளைம்மா. உனக்கு ஒண்ணும் தெரியாது. உக்காரு."

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. நான் உட்காரவில்லை. அந்தக் குடும்பம், அந்த வீட்டுக்காரங்க, அந்த டெய்லர் என்றே இத்தனை வருஷமாகப் புழங்கிய அந்தக் கூட்டத்தில், தோழியின் பெயரைச் சொன்னேன். அவள் அம்மாவின் பெயரை, அத்தாவின் பெயரை. முழுப்பெயரை.

பெரியம்மா புருவத்தைச் சுருக்கினார். காதைக் கையால் குவித்து என் பக்கம் சாய்ந்தார்.

"யாரும்மா அது?"

மறுபடியும் சொன்னேன். இன்னும் உரக்க.